பேரிங்குக்குப் பயந்து கேமேன் எஸ் வாங்கலாமா?

நெடுஞ்சாலை72 (டொராண்டோ)

அனைவருக்கும் வணக்கம். நாற்பத்தாறு வயதில் இப்படி ஓர் ஆசையா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ஆசை பதினாறு வயதிலேயே வந்துவிட்டது, பணம்தான் முப்பது ஆண்டு தாமதம்.

இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2003 போர்ஷே பாக்ஸ்டர் எஸ், 3.2 லிட்டர், மேனுவல் கியர், 98,000 கி.மீ. மற்றது அதே போர்ஷேயின் 2007 கேமேன் எஸ், 3.4 லிட்டர், 1,12,000 கி.மீ. கேமேனின் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மனம் முதலில் போனது பாக்ஸ்டரிடம்தான். பிறகு, உடைந்தால் என்ஜினையே அழித்துவிடும் "ஐ.எம்.எஸ். பேரிங்" பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மூன்று இரவுகள் தூக்கமில்லை. 2006 முதல் பெரிய பேரிங் போட்டுவிட்டார்கள், அந்தக் கவலை தீர்ந்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே கொஞ்சம் கடனைக் கூட்டி கேமேனையே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். வங்கிக்குப் போவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

கடற்கரைச்சாலை (சென்னை)

எது வாங்கினாலும் படம் போடுங்கள். எங்கள் தெருவில் இருக்கும் வேகத்தடைகளை இந்த இரண்டில் எதுவும் தாண்டாது என்பதால் எனக்குக் கவலையே இல்லை.

எண்ணெய்க்கை (ஸ்காபரோ)

தம்பி, இருபத்திரண்டு வருடமாக ரொறன்ரோவில் இந்த வகை வண்டிகளில்தான் கை வைத்துக்கொண்டிருக்கிறேன். வங்கிக்குப் போக வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்தப் பேரிங் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன்.

பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கொண்டுபோக நடுவில் ஒரு தண்டு இருக்கிறது. இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற அதன் பெயரின் சுருக்கம்தான் ஐ.எம்.எஸ். காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911 கார்களின் என்ஜின்களிலும் இந்த இடைத்தண்டு உண்டு. ஆனால் அங்கே அது அழுத்தத்தில் வரும் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தபடி சுற்றியது. 1996இல் பாக்ஸ்டரோடு வந்த எம்96 என்ஜினில், கிளட்ச் பக்கத்து முனைக்கு மட்டும் சீல் வைத்த குண்டு பேரிங்கைப் போட்டார்கள். உள்ளே கிரீஸ் அடைத்தாகிவிட்டது, வாழ்நாள் முழுவதும் அதுவே போதும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தப் பேரிங் உட்கார்ந்திருப்பதோ என்ஜின் ஆயிலின் நடுவே. சூட்டில் சீல் தளர்கிறது. ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. உள்ளே போன ஆயில் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் கெட்டுப்போகிறது. அதற்குமேல் குண்டுகள் காய்ந்துதான் ஓட வேண்டும். பேரிங் நொறுங்கினால் தண்டு ஆடும், செயின் பல் தாண்டும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். பிறகு அந்த என்ஜினை எடைக்குத்தான் போட வேண்டும்.

தொடக்கத்தில் வந்தது இரட்டை வரிசைக் குண்டுகள் உள்ள பேரிங். 2000 வாக்கில் அதை ஒற்றை வரிசையாக்கினார்கள், கெட்ட பெயர் வாங்கியது அதுதான். நீங்கள் பார்க்கும் 2003 பாக்ஸ்டரில் இருப்பதும் அதுவே. 2006 முதல் 2008 வரை பெரிய ஒற்றை வரிசை. 2009இல் வந்த புதிய என்ஜினில் இடைத்தண்டே கிடையாது.

பெரிய பேரிங் உறுதியானது என்பது உண்மை. ஆனால் அது வெளியே வரும் துளையைவிடப் பெரியது. மாற்ற வேண்டுமென்றால் என்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டும். 2003 வண்டியில் கியர்பாக்ஸை இறக்கினால் போதும், கிளட்ச் மாற்றும் அன்றே இதையும் மாற்றிவிடலாம். கேமேனைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. இரவு வேலை முடிந்து எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை (லண்டன்)

இரண்டு சொற்கள் நானும் சொல்லிவிடுகிறேன். உடைந்தவன் எழுதுவான். உடையாதவன் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கிராமப்புறச் சாலையில் போய்க்கொண்டிருப்பான், அவனுக்கு எழுத நேரமில்லை. இந்தப் பேரிங் பற்றி அமெரிக்காவில் நடந்த கூட்டு வழக்கின் ஆவணங்களிலேயே ஒற்றை வரிசைப் பேரிங்குக்கு 8 விழுக்காடு அளவில்தான் பழுது சொல்லப்பட்டது. இரட்டை வரிசைக்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 92 பேர் நன்றாகத் தூங்குகிறார்கள், ஐயா.

வலதுதிருப்பம் (மெல்பர்ன்)

8 விழுக்காடு என்பது "தான்" போட்டுச் சொல்லும் எண்ணா? 100இல் 8 விமானங்கள் விழும் என்றால் ஏறுவீர்களா?

கணக்குப்பிள்ளை (லண்டன்)

விமானம் விழுந்தால் உயிர் போகும். இங்கே போவது பணம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் 996 தலைமுறை 911 கார்களை இந்தப் பயத்திலேயே அடிமாட்டு விலைக்கு விற்றுத் தொலைத்தார்கள். நான் அப்படித்தான் ஒன்றை வாங்கினேன். 11 ஆண்டுகள் ஆயிற்று, பேரிங்கைத் தொடவேயில்லை.

ஆறுஉருளை (ஷ்டுட்கார்ட்)

வழக்கு என்று வந்துவிட்டதால் ஒரு சின்னத் திருத்தம். அந்த வழக்கில் வந்த சமரசத் தீர்வு 2001 முதல் 2005 வரையிலான கார்களுக்கு மட்டும், அதுவும் முதன்முதலில் சாலைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டு அல்லது 1,30,000 மைல் வரைதான். அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. இன்று வாங்குகிறவர் தன் சட்டைப்பையை மட்டுமே நம்பலாம்.

இப்படி ஒரு பேரிங்கை ஏன் போட்டார்கள் என்று இங்கே ஆலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பல முறை யோசித்திருக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் போர்ஷே மூழ்கும் நிலையில் இருந்தது. ஜப்பானிலிருந்து டொயோட்டாவில் பணியாற்றிய உற்பத்தி வல்லுநர்களை வரவழைத்து, வேலை செய்யும் முறையையே மாற்றினார்கள். பாக்ஸ்டரும் புதிய 911உம் முன்பாதியையும் என்ஜின் குடும்பத்தையும் பகிர்ந்துகொண்டன. கைவேலை போல என்ஜின் கட்டிக்கொண்டிருந்த காலம் அத்தோடு முடிந்தது. இன்று நாம் திட்டும் என்ஜின்தான் அந்த நிறுவனத்தைக் காப்பாற்றியது என்றால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

தூயவன்911 (சிங்கப்பூர்)

அதனால்தான் சொல்கிறேன், போர்ஷே பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரால் அழைக்கப்படும் அந்தப் பழைய வம்சத்து என்ஜின் உள்ள டர்போவையோ ஜிடி3ஐயோ வாங்க வேண்டும். அதில் இந்தப் பேரிங் கிடையாது. பந்தயத்தில் பிறந்த என்ஜின். மற்றதெல்லாம் பொம்மை.

எண்ணெய்க்கை (ஸ்காபரோ)

தூயவன் ஐயா, அந்த என்ஜினில் குளிர்நீர்க் குழாய்களைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், தெரியுமல்லவா? வயதானால் பசை விட்டுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது குழாய் கழன்றால் தண்ணீர் முழுவதும் பின் சக்கரத்தடியில் கொட்டும். பந்தயத்துக்குப் போகிறவர்கள் அந்தக் குழாய்களை வெல்ட் செய்தோ முளையடித்தோதான் போகிறார்கள். குறையில்லாத வம்சம் ஏதும் நான் பார்க்கவில்லை.

இனி கேமேன். தம்பி, நீங்கள் தப்பித்து ஓடுவதாக நினைத்துக்கொண்டு நேராகச் சிலிண்டர் கீறல் என்னும் வேறொரு தொல்லையின் வாசலில் போய் நிற்கிறீர்கள். இந்த என்ஜின்களின் சிலிண்டர் சுவரில் இரும்பு உறை இல்லை. லோகாசில் என்பார்கள், அலுமினியத்துக்குள் சிலிக்கான் துகள்களைச் சேர்த்துச் செய்த பரப்பு. பிஸ்டனின் பக்கவாட்டில் ஒரு பூச்சு. அந்தப் பூச்சு தேய்ந்துபோனால் அலுமினியமும் அலுமினியமும் உரசும், சுவரில் நெடுக்காகக் கீறல் விழும். 3.4, 3.6, 3.8 லிட்டர் என்ஜின்களில் இது அதிகம். 2.7இலும் 3.2இலும் குறைவு. ஒரு பக்க வரிசையில், அதிலும் ஆறாவது சிலிண்டரில், அடிக்கடி பார்க்கலாம்.

குளிர் நாடுகளில் இது கூடுதல். காலையில் மைனஸ் பதினைந்தில் ஸ்டார்ட் செய்து, பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மூன்று கிலோமீட்டரில் மறுபடி நிறுத்திவிடுகிறார்கள். சூடாகாத என்ஜினில் அதிகமாகத் தெளிக்கப்படும் பெட்ரோல் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எங்கள் ஊரில் விற்பனைக்கு வரும் கேமேன்களில் பாதிக்கு இந்த வாழ்க்கைதான் வாய்த்திருக்கிறது.

பேரிங்கை முன்கூட்டியே மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கீறலுக்கு முன்கூட்டி மாற்ற ஒரு பாகமும் இல்லை. வந்துவிட்டால் என்ஜினைப் பிளந்து, ஆறு சிலிண்டருக்கும் புதிய உறை போட வேண்டும். 20,000 டாலரைத் தாண்டும். எல்லாரும் பேரிங்கைப் பற்றியே பேசிப் பேசி, வாங்க வருகிறவர் ஒருவரும் சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு எரிச்சல் அதுதான்.

நெடுஞ்சாலை72 (டொராண்டோ)

அண்ணா, நெஞ்சு அடைத்துவிட்டது. மூன்று இரவுகள் போதவில்லை, இன்னும் மூன்று சேர்த்துவிட்டீர்கள். புகைக்குழாயில் ஒரு பக்கம் மட்டும் கரி படிந்திருந்தால் கீறல் என்று எங்கோ படித்தேன். அதை நானே பார்த்துவிட முடியுமா?

ஆறுஉருளை (ஷ்டுட்கார்ட்)

அந்தச் சோதனை 911க்கு. அங்கே வலமும் இடமுமாகத் தனித்தனிக் குழாய்கள் இருப்பதால் ஒப்பிட முடியும். பாக்ஸ்டரிலும் கேமேனிலும் எல்லாம் நடுவில் ஒரே இடத்தில் வெளியேறுகிறது. எந்தப் பக்கத்துக் கரி என்று யார் சொல்வது?

எண்ணெய்க்கை (ஸ்காபரோ)

சரியாகச் சொன்னீர்கள். கேமராக் குழாயை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். பிளக் துளை வழியாக மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "சுத்தம்" என்று சொல்கிற கராஜ்கள் உண்டு. கீறல் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் தொடங்கும். பிஸ்டனை முழுவதும் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். என்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்து பார்த்தால் இன்னும் நல்லது.

எம்பிரியன் (டப்ளின்)

போர்ஷேக்காரர்கள் மட்டும் தனியாக அழ வேண்டாம் என்று நாங்களும் வருகிறோம். 2003 வாக்கில் பிஎம்டபிள்யூ தன் எம்3 காரில் பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட்களின் பேரிங்குகளைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தது. அடுத்த தலைமுறை எம்3இன் 4.0 லிட்டர் வி8 என்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்றுகளைத் தாண்டிப் பாடும். கேட்டால் மயிர்க்கூச்செறியும். அதற்கும் அதே பேரிங் கவலை. இடைவெளி மிகக் குறைவு, போடச் சொல்லும் ஆயிலோ 10டபிள்யூ-60, தேன் மாதிரி. என் வட்டத்தில் பிரேக் பேட் மாற்றுவதுபோல ராட் பேரிங்கை மாற்றிக்கொள்கிறார்கள். நானும் மாற்றினேன். கழற்றியது எப்படி இருந்தது என்று மெக்கானிக்கிடம் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த பத்தாண்டு அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

வலதுதிருப்பம் (மெல்பர்ன்)

புதிதாக வாங்கினால் தொல்லை இல்லை என்று யாராவது சொல்ல வருவதற்குள்: 2014இல் அப்போதைய ஜிடி3 கார்கள் 785ஐயும் ஓட்டாமல் நிறுத்தச் சொன்னது போர்ஷே. ராடைப் பிடிக்கும் திருகு தளர்ந்து இரண்டு கார்கள் தீப்பிடித்திருந்தன. எல்லாக் காருக்கும் என்ஜினையே மாற்றினார்கள். தப்பை ஒத்துக்கொண்ட விதத்தில் எனக்கு மதிப்புதான்.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. எந்தக் கார் என்று சொல்லமாட்டேன், குற்றம் அதனுடையது இல்லை. பந்தயத் தளத்தில் ஒரு நாள் ஓட்டப் போனேன். ஹெல்மெட் புதிது, கையுறை புதிது, டயர் காற்றை மூன்று முறை பார்த்தேன். ஆயிலைப் பார்க்கவில்லை. நாலாவது சுற்றில் நீண்ட வளைவு ஒன்றில் அழுத்த விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. அணைந்துவிட்டதே என்று இன்னொரு சுற்று போனேன். அந்த இன்னொரு சுற்றுக்கு நான் கட்டிய தொகையில் தம்பியின் பாக்ஸ்டரை வாங்கியிருக்கலாம்.

கணக்குப்பிள்ளை (லண்டன்)

இதற்குத்தான் சொல்கிறேன், பேரிங்கைவிட ஓட்டுநர்கள்தான் அதிகம் என்ஜின்களைக் கொன்றிருக்கிறார்கள்.

வலதுதிருப்பம் (மெல்பர்ன்)

ஒத்துக்கொள்கிறேன். உங்களோடு ஒத்துப்போவது எனக்கே பிடிக்கவில்லை.

நெடுஞ்சாலை72 (டொராண்டோ)

நிலவரம். கேமேன் உரிமையாளரிடம் கேமரா சோதனைக்குக் கேட்டேன், செலவு முழுவதும் என்னுடையது என்றும் சொன்னேன். "வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, எதற்கு உள்ளே பார்க்க வேண்டும்?" என்றார். இரண்டாவது முறை கேட்டபோது வேறு ஒருவர் முன்பணம் தர வருகிறார் என்றார். வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் காரில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் மனம் ஒட்டவில்லை.

பாக்ஸ்டர்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒரு கோப்பு நிறைய ரசீதுகள் வைத்திருக்கிறார். ஆயில் ஒவ்வொரு 8,000 கி.மீ.க்கும் மாற்றியிருக்கிறார். கிளட்ச் கொஞ்சம் நழுவுகிறது என்று அவரே சொல்லி விலையைக் குறைத்தார்! பேரிங்கை மாற்றியதற்கு ரசீது இல்லை. என்ன பார்க்க வேண்டும், அண்ணா?

எண்ணெய்க்கை (ஸ்காபரோ)

ஆசிரியர் வண்டியை விடாதீர்கள்.

ஆயில் ஃபில்டரை வெளியே எடுங்கள். மடிப்பு மடிப்பாகக் காகிதம் இருக்கும், வெட்டி விரித்து வெயிலில் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் துணுக்குகள் இரண்டொன்று கிடந்தால் செயின் வழிகாட்டியிலிருந்து வந்தவை, அதற்குப் பதற வேண்டாம். மினுமினுக்கும் உலோகத் தூள் இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. அப்படியென்றால் ஆசிரியருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள். தூள் வந்த என்ஜினில் புதிய பேரிங்கைப் போடுவது வீண் வேலை, அந்தத் தூள் ஏற்கெனவே எல்லா இடத்துக்கும் போயிருக்கும்.

பிறகு கணினியை இணைத்துக் கேம் ஷாஃப்ட்டின் விலகல் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். எண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடினால் உள்ளே ஏதோ ஆடுகிறது. 3.2 என்றாலும் சிலிண்டருக்குள் கேமராவை விடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டார்ட் செய்தவுடன் வெள்ளைப் புகை மண்டலமாக எழுந்து பக்கத்து வீட்டை மறைத்தால் அது ஆயில் பிரிப்பான், விலை குறைந்த பாகம். பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கும். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் பின்பக்க சீல். கிளட்ச்சைக் கழற்றும்போது அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலை72 (டொராண்டோ)

வாங்கிவிட்டேன்!

ஃபில்டரில் மூன்று கறுப்புத் துணுக்குகள், உலோகம் ஒன்றுமில்லை. சிலிண்டர்கள் ஆறும் சுத்தம். கேம் அளவு அசையாமல் நின்றது. கிளட்ச்சும் பேரிங்கும் அடுத்த வாரம் மாற்றுகிறார்கள். பீங்கான் குண்டுகள் உள்ள பேரிங்கா, எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் பழைய பாணியா என்று கேட்டார்கள். பீங்கானுக்குச் சரி என்றேன்.

நேற்று இரவு பின்பக்க டிக்கியைத் திறந்து ஆயில் அளவுகோலை வெளியே எடுத்துப் பார்த்தேன். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறுஉருளை (ஷ்டுட்கார்ட்)

அளவுகோல் இருக்கும்வரை அனுபவியுங்கள். அடுத்த தலைமுறையில் அதை எடுத்துவிட்டார்கள், திரையில் கோடு பார்த்து நம்ப வேண்டியதுதான்.

நெடுஞ்சாலை72 (டொராண்டோ)

வேலை முடிந்தது. கழற்றிய பேரிங்கை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். விரலில் வைத்துச் சுற்றினால் சத்தமே இல்லாமல் சுற்றுகிறது, ஆட்டமும் இல்லை. இதற்காகவா கூலியோடு சேர்த்து இவ்வளவு பணம் என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்லமாட்டேன்.

கணக்குப்பிள்ளை (லண்டன்)

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

எண்ணெய்க்கை (ஸ்காபரோ)

விரலில் சுற்றிப் பார்த்து ஒன்றும் தெரியாது, கணக்குப்பிள்ளை. தம்பி, மெல்லிய ஊசியால் அந்தச் சீலைத் தூக்குங்கள். உள்ளே கிரீஸ் இருக்கிறதா, ஆயில் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று பார்த்துப் படம் போடுங்கள். அப்புறம் பேசலாம்.

நெடுஞ்சாலை72 (டொராண்டோ)

இப்போது கையில் இல்லை, அண்ணா. வகுப்பில் ஏதாவது ஒரு பொருளைக் காட்டிப் பேச வேண்டுமாம், மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "அப்பாவைத் தூங்கவிடாத சக்கரம்" என்று தலைப்பு வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை திரும்பி வரும்.

எண்ணெய்க்கை (ஸ்காபரோ)

சீலைக் கழற்ற வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். திங்கள் மாலை நானே வருகிறேன், ஊசியும் கொண்டு வருகிறேன்.